43 கிராம் பருப்பு

ராயபுரத்தில் நாலு பெரிசுகள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் எப்படியும் எம்டன் கப்பல் வந்துவிடும். 1914 செப்டம்பர் 22 ராத்திரி. ஜெர்மன்காரன் கடலிலிருந்து குண்டு போட்டான், ஹார்பர் பக்கம் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் டாங்குகள் பற்றி எரிந்தன, ஜனங்கள் பெட்டி படுக்கையோடு ஊரைக் காலி செய்து ஓடினார்கள். சொல்கிறவர்களில் ஒருத்தரும் அன்றைக்குப் பிறந்திருக்கவில்லை. அவர்களுடைய அப்பாக்களே பிறந்திருப்பார்களா என்பது சந்தேகம். ஆனாலும் "அதோ, அங்கதான் நின்னான்" என்று கடல் பக்கம் கையை நீட்டுவார்கள். என் நைனாவும் அப்படித்தான். கேப்டன் பேர் முல்லர் என்பது வரைக்கும் சொல்வார். நானும் வாயைப் பிளந்து கேட்டிருக்கிறேன். ஆனால் மனசுக்குள் ஒன்றும் ஆனதில்லை.

பள்ளிக்கூடத்திலும் அதே கதைதான். ஜாலியன்வாலா பாக் பாடம் நடத்தும்போது எங்கள் டீச்சருக்குக் குரல் உடைந்துவிட்டது. கிணற்றில் குதித்தவர்களைப் பற்றிச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். முன்வரிசைப் பிள்ளைகள் சிலருக்கும் கண் கலங்கியது. எனக்கு மணி எப்போது அடிக்கும் என்றுதான் இருந்தது. கல்நெஞ்சக்காரி என்று நானே என்னைப் பற்றி நினைத்துக்கொள்வேன். இப்படிப்பட்ட நான்தான், நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு பஞ்சத்துக்காக, கடையைத் திறப்பதற்கு முன்னால், எடை மெஷின் முன் நின்று அழுதேன். அதைத்தான் இங்கே எழுத வந்தேன்.

பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு ரேஷன் கடையில் நான் விற்பனையாளர். காலையில் ஷட்டரைத் தூக்கினால் சாயங்காலம் வரைக்கும் அரிசி, சர்க்கரை, கோதுமை, பருப்பு, பாமாயில். கார்டைத் தேய்க்கணும், கைரேகை வாங்கணும், பில் போடணும், எடை போடுகிற தம்பியிடம் அளவைச் சொல்லணும். தம்பி லீவு என்றால் எடையும் நானே. இத்தனை வருஷத்தில் கை பழகிவிட்டது. டப்பாவில் அள்ளும்போதே ஒரு கிலோவுக்குக் கூடவா குறைவா என்று மணிக்கட்டுக்குத் தெரிந்துவிடும்.

மகள் டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறாள். வாய்விட்டுப் படித்தால்தான் அவளுக்கு மண்டையில் ஏறும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டிலிருந்து வாங்கி வந்த கானாங்கத்தையை நான் ஆய்ந்துகொண்டிருந்தேன், அவள் பக்கத்தில் உட்கார்ந்து பஞ்சங்களை ஒப்பித்துக்கொண்டிருந்தாள். வருஷம், வைஸ்ராய் பேர், கமிஷன் பேர். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்துப் பெரும் பஞ்சம், வைஸ்ராய் லிட்டன் பிரபு. நம் ஊர்ப் பாட்டிமார் தாது வருஷப் பஞ்சம் என்பார்களே, அதேதான். பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் சுமார் 55 லட்சம் பேர் இறந்தார்கள் என்று படித்தாள். கேட்டுக்கொண்டே செதிலைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். 55 லட்சம் என்பதை எந்தப் பக்கத்திலிருந்து பிடிப்பது? கைக்கு அகப்படாத எண் அது.

அப்புறம் அடுத்த வரி. டெம்பிள் என்ற வெள்ளைக்கார அதிகாரி வைத்த டெம்பிள் கூலி: நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு 450 கிராம் தானியமும் ஒரு அணாவும். பெண்ணுக்கும் வேலை செய்யும் சிறுவருக்கும் அதைவிடக் குறைவு.

"எவ்ளோன்ன?"

"நானூத்தம்பது கிராம்மா. ஒரு பவுண்டு."

கை நின்றுவிட்டது. லட்சக்கணக்கில் எண்ணம் போகாத இடத்துக்கு 450 கிராம் ஒரே எட்டில் போய்விட்டது. என் மெஷினில் 0.450 என்று பச்சை எழுத்தில் எப்படித் தெரியும் என்பது எனக்குத் தெரியும்.

மறுநாள் கடைக்குக் கொஞ்சம் முன்னாலேயே போனேன். ஒரு மூட்டை ஏற்கெனவே பிரித்துக் கிடந்தது. தட்டில் புழுங்கலரிசியைப் போட்டு 0.450 வரைக்கும் கொண்டுவந்தேன். முதலில் என்ன தோன்றியது என்றால், அவ்வளவு மோசமில்லையே என்றுதான். எங்கள் வீட்டில் நாலு பேருக்கு மத்தியானச் சோற்றுக்குப் போடுகிற அரிசி ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு என்றால் தாராளமாகத்தானே தெரிகிறது?

ஆனால் எங்கள் வீட்டில் அந்தச் சோற்றோடு குழம்பு இருக்கிறது, மீன் இருக்கிறது, காலையில் இட்லி தின்றாயிற்று, சாயங்காலம் டீயும் பன்னும் உண்டு. வேலையும் உட்கார்ந்து பார்க்கிற வேலை. அவர்களுக்கு இந்த அரிசிதான் எல்லாம். இதைத் தின்றுவிட்டு நாள் முழுக்க வெயிலில் மண் வெட்டணும், கல் உடைக்கணும், கூடை சுமக்கணும். 450 கிராம் தானியத்தில் ஏறத்தாழ 1,600 கலோரி வரும். மண்வேலை செய்கிற உடம்புக்கு அதைப் போல இரண்டு மடங்கு வேண்டும். அந்த ஒரு அணாவில் உப்பு, புளி, விறகு, மற்றதெல்லாம். விலையோ பஞ்சத்து விலை. பெண்ணுக்கு ஏன் குறைத்தார்கள் என்பது இன்னும் எனக்கு ஆறவில்லை. வெட்டிய மண்ணைத் தூக்கிக்கொண்டு கரை ஏறினது யாராம்?

அன்றைக்கு இரவு முதல் இதே வேலையாகிவிட்டது. சமையல் முடித்துப் பாத்திரம் கழுவி வைத்துவிட்டு செல்போனை எடுத்து வைத்துக்கொண்டு பஞ்சத்தைத் தேடுவேன். இங்கிலீஷில் வருவதை மகள் படித்துச் சொல்வாள். வீட்டுக்காரர் ஹார்பரில் வேலை. அவருக்கு இதில் பிடித்தது தானியம் வந்த கதை. வெளியிலிருந்து கப்பல் கப்பலாக அரிசி வந்து மதராஸ் கடற்கரையில் மூட்டை மூட்டையாகக் குவிந்து கிடந்திருக்கிறது. ஹார்பர் வேலை அப்போது முடிந்திருக்கவில்லை. தூரத்தில் நிற்கும் கப்பலிலிருந்து மசூலா படகில் இறக்கி, அலையைத் தாண்டிக் கரைக்குக் கொண்டுவரணும். அங்கிருந்து உள்ளூர்களுக்கு ரயில். 1856ல் திறந்த நம்ம ராயபுரம் ஸ்டேஷன்தான் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய இடம் என்று எல்லோரும் பெருமையாகச் சொல்வோம். அந்த ரயில் இருந்தும், மூட்டைகள் வந்த வேகத்துக்கு உள்ளே போய்ச் சேரவில்லை. போய்ச் சேர்ந்த இடத்திலும் வாங்கக் காசில்லை. "லோடு வந்துச்சு, கிளியரன்ஸ் ஆவல" என்றார் அவர். அவருக்கு அது போதும், தூங்கப் போய்விட்டார்.

எனக்கு விடாமல் மண்டையைக் குடைந்தது அந்த டெம்பிள்தான். சர் ரிச்சர்ட் டெம்பிள். இந்த ஆளை ராட்சசன் என்று ஒதுக்கிவிட்டால் சுலபம். ஆனால் 1874ல் பீகார் பக்கம் பஞ்சம் வந்தபோது இதே ஆள்தான் பர்மாவிலிருந்து அரிசியாக வாங்கி இறக்கிப் பட்டினிச் சாவு பெருகாமல் பார்த்துக்கொண்டவர். அதற்குக் கிடைத்தது என்ன? காசை வாரி இறைத்துவிட்டார் என்று திட்டு. மூன்று வருஷம் கழித்து, 1877 ஜனவரியில் சென்னை மாகாணத்துக்கு அனுப்பியபோது அதே ஆள் கிராமை எண்ண ஆரம்பித்துவிட்டார். மேலேயிருந்து அனுப்பியது யார்? அந்த மாசம் முதல் தேதிதான் டெல்லியில் விக்டோரியா மகாராணியை இந்தியாவின் பேரரசி என்று அறிவித்து ஒரு வாரம் விருந்து வைத்து முடித்த லிட்டன்.

இப்படிப்பட்ட அதிகாரிகளை எனக்குத் தெரியும். டெம்பிளைத் தெரியாது, ஆனால் அந்த ஜாதி ஆட்களைத் தெரியும். கூடுதலாகக் கொடுத்தாய் என்று ஒரு தடவை மெமோ வாங்கியவன் அப்புறம் ஜென்மத்துக்கும் தட்டில் ஒரு மணி கூட விழ விடமாட்டான். மழைக்காலத்தில் ஈரமூட்டை வந்தாலும் கணக்குக்கு 50 கிலோதான் என்பான். அவன் கெட்டவன் இல்லை. பயந்தவன். பயந்தவன் கையில் தராசு இருப்பது கெட்டவன் கையில் இருப்பதைவிட எந்த விதத்தில் மேல் என்று எனக்குப் புரியவில்லை.

அந்தக் காலத்து நிவாரண விதிகளைப் படிக்கப் படிக்க எனக்கு இன்னொன்றும் உறைத்தது. வீட்டுக்குப் பக்கத்திலேயே வேலை கொடுத்தால் சும்மா இருக்கிறவனெல்லாம் வந்துவிடுவான், அதனால் தூரத்து முகாமுக்கு நடக்க வை. உடம்பில் தெம்பிருக்கிறவனுக்குக் கடினமான வேலை கொடு, நிஜமாகவே பசித்தவன்தான் தாங்குவான். சோதனை, எல்லாவற்றுக்கும் சோதனை. இந்தப் பேச்சை நான் 1877லிருந்து கேட்க வேண்டியதில்லை. கடை வாசலில் வாரத்துக்கு ஒரு முறையாவது யாராவது பைக்கை நிறுத்திவிட்டுச் சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். "ஓசி அரிசி கொடுத்து ஜனங்களைச் சோம்பேறியாக்கிட்டாங்க மேடம். பாதி பேர் இட்லி மாவுக்காரனுக்குத்தான் விக்கிறான்." விற்கிறவர்கள் இருக்கிறார்கள்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் பைக்கில் வருகிறவருக்கு முன்னால் வரிசையில் ஒரு ஆயா நிற்கும். முப்பது நாற்பது வருஷம் மீன் ஆய்ந்த கை. கட்டை விரலில் ரேகையே இல்லை, மழமழவென்று இருக்கும். மெஷின் எடுக்காது. துடைத்துவிட்டு வை, தலையில் தேய்த்துவிட்டு வை, அடுத்த விரலை வை. அதற்கும் மாற்று வழிகள் இருக்கின்றன, செய்கிறோம், ஆயா வெறுங்கையோடு போவதில்லை. ஆனாலும் அந்த அஞ்சு நிமிஷம், வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, தான் தான்தான் என்று அந்த ஆயா நிரூபிக்க வேண்டியிருக்கிறது. கேட்கிற இடத்தில் உட்கார்ந்திருப்பது நான்.

இங்கேதான் எனக்கு உள்ளே என்னவோ ஆனது என்று நினைக்கிறேன். சரித்திரத்தில் கஷ்டப்பட்டவர்களைப் படிக்கும்போது எல்லோரும் இயல்பாகக் கஷ்டப்பட்டவன் பக்கத்தில் போய் நின்றுகொள்கிறோம். சுடப்பட்டவன் பக்கம், பட்டினி கிடந்தவன் பக்கம். எனக்கு அப்படி நிற்க வரவில்லை. வரிசையில் நின்ற பெண்ணை என்னால் கற்பனை செய்ய முடிந்தது, ஆனால் எதிர்ப்பக்கத்திலிருந்து. தராசுக்குப் பின்னால் நின்று 450 கிராம் அளந்து போட்ட ஏதோ ஒரு கூலிக் குமாஸ்தா இருந்திருப்பானே, அவன் இடத்திலிருந்து. அவனுக்கு மேலிருந்து ஆர்டர், முன்னால் நீட்டிய முந்தானை. ஒரு பிடி கூடப் போட்டிருப்பானா? போட்டிருந்தால் சாயங்காலம் கணக்கை எப்படி முடித்திருப்பான்? இதையெல்லாம் யோசித்துத் தூக்கம் போனது.

இந்த இடத்தில் டாக்டர் கார்னிஷ் வருகிறார். வில்லியம் ராபர்ட் கார்னிஷ், சென்னை மாகாணத்தின் சுகாதாரக் கமிஷனர். வெள்ளைக்காரர்தான், சர்க்கார் உத்தியோகஸ்தர்தான். டெம்பிளின் அளவு ஆளைக் கொல்லும் அளவு என்று எதிர்த்து எழுதினார். குறைந்தது ஒன்றரைப் பவுண்டு தானியம் வேண்டும், அதாவது 680 கிராம். அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்றார். டெம்பிள் பதில் எழுதினார், இவர் திரும்ப எழுதினார். ஒரு பக்கம் ஜனங்கள் செத்துக்கொண்டிருக்க, இன்னொரு பக்கம் இரண்டு பெரிய மனிதர்கள் கிராமுக்காகச் சண்டை போட்டிருக்கிறார்கள். கடைசியில் 1877லேயே சென்னை அரசாங்கம் பாதி வழிக்கு இறங்கி வந்தது. 570 கிராம் தானியம், கூடவே 43 கிராம் பருப்பு.

நான் அழுதது இந்த 43 கிராமுக்குத்தான்.

அன்றைக்கும் காலையில் சீக்கிரம் போயிருந்தேன். பருப்பு லோடு வந்த வாரம். துவரம் பருப்பைத் தட்டில் போட்டேன், கூடிவிட்டது, எடுத்தேன், குறைந்துவிட்டது, இரண்டு விரலால் கிள்ளிப் போட்டு 0.043க்குக் கொண்டுவந்தேன். உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தால் ஒரு பிடி. விரலை மடக்கினால் வெளியே தெரியாது. அவ்வளவுதான் அது. ஆனால் ரேஷன் கடையில் வேலை பார்க்கிறவளுக்குப் பருப்பு என்றால் என்னவென்று தெரியும். எங்கள் கடைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது அரிசியை இல்லை. "பருப்பு வந்திச்சாக்கா?" அதுதான் முதல் கேள்வி. கார்டுக்கு ஒரு கிலோ, முப்பது ரூபாய். அரிசி நல்லாயில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே வாங்கிப் போவார்கள். பருப்பு இல்லை என்றால் மட்டும் சண்டை. ஏனென்றால் அரிசி வயிற்றை நிரப்பும், பருப்பு இருந்தால்தான் அது சாப்பாடு. அதைப் பஞ்சத்துக்கு நடுவில் ஒருத்தர் யோசித்து, இந்த ஜனங்களுக்கும் பருப்பு வேண்டும் என்று மேலதிகாரியோடு மல்லுக்கட்டி, ஒரு பிடி வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஒரே ஒரு பிடி. எவ்வளவு பேர் அதற்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

அழுகை வந்தது என்றால் கண்ணில் தண்ணீர் நின்றது என்று அர்த்தமில்லை. தேம்பித் தேம்பி. எடை போடுகிற தம்பி அந்த நேரத்தில்தான் ஷட்டர் பக்கம் வந்தான். "இன்னாக்கா, வூட்ல எதுனா பிரச்சனையா?" என்றான். பஞ்சம்ப்பா என்றேன். அவன் என்ன நினைத்துக்கொண்டானோ, ஓடிப்போய் டீ வாங்கி வந்தான். பருப்பை மூட்டையிலேயே திரும்பப் போட்டேன்.

இந்தப் பஞ்சத்தின் போட்டோக்களும் இருக்கின்றன. ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி மதராஸில் எடுத்தவை. எலும்புக்கூடாக இருக்கும் மனிதர்களைக் குடும்பம் குடும்பமாக உட்காரவைத்து, ஸ்டூடியோவில் எடுக்கிற மாதிரி எடுத்திருப்பார். அந்த ஆளை அப்போதே பலர் ஏசியிருக்கிறார்கள். மகள் காட்டினாள். எனக்கு அழுகை வரவில்லை. வெட்கமாக இருந்தது, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். பசித்தவர்களைப் பார்ப்பது எனக்குப் புதிதில்லை, ஆனால் அவர்கள் திரும்பிப் பார்க்க முடியாதபடி நான் மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது என்னவோ மாதிரி இருந்தது.

என் மாமனாரை அப்போதுதான் புரிந்துகொண்டேன். அவர் பெரம்பூர் பி அண்ட் சி மில்லில் தறியில் இருந்தவர். 1996ல் மில்லை மூடியதோடு மனுஷன் பாதியாகிவிட்டார். கல்யாணமாகி வந்த புதிதில் அவர் பேசுவதைக் கேட்டு, அவருடைய கூட்டாளிகள் யாரையோ போலீஸ் சுட்டுவிட்டது என்றே நினைத்திருந்தேன். "பாபுராவையும் முருகனையும் சுட்டுட்டானுங்கம்மா" என்பார், குரல் நடுங்கும். ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது, அது 1920 டிசம்பர் 9ஆம் தேதி நடந்த துப்பாக்கிச் சூடு. அவர் பிறப்பதற்கு வெகு காலம் முன்னால். 1918ல் வாடியாவும் திரு.வி.க.வும் செல்வபதி செட்டியாரும் ஆரம்பித்த சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் ஆரம்ப நாட்களில் நடந்தது. அந்தக் கேட் வழியாகத்தான் அவரும் முப்பது வருஷம் உள்ளே போய் வெளியே வந்தார். கேட் ஒன்று, சங்கு ஒன்று, தறிச் சத்தம் ஒன்று. அதனால் செத்த இரண்டு பேரும் அவருக்கு ஷிப்ட் மாறிப் போனவர்கள்தான்.

ஆனால் ஒன்று சொல்லணும். அடுத்த வருஷம், 1921ல், அதே மில் ஸ்டிரைக்கில், வேலைக்குப் போன ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் ஒரு பக்கம், ஸ்டிரைக்கில் நின்ற மற்றவர்கள் ஒரு பக்கம் என்று பிரிந்து, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. அதைப் பற்றி மாமனார் பேசி நான் கேட்டதில்லை. ஒரு தடவை நானே கேட்டேன். "அது வேறம்மா" என்று சொல்லிவிட்டு பேப்பரைப் பிரித்துக்கொண்டார். புளியந்தோப்புக்காரர் ஒருவர் வீட்டில் இதே கதையை 1921லிருந்துதான் ஆரம்பிப்பார்கள் என்று நினைக்கிறேன். அவர்கள் வீட்டுப் பெரியவருக்கும் குரல் நடுங்கும், வேறு இடத்தில்.

இன்னொரு விஷயமும் இதில் எனக்கு விடுபடாமல் இருக்கிறது. 2020 ஏப்ரல். கொரோனா. சென்னையிலேயே ராயபுரம் மண்டலத்தில்தான் அப்போது கேஸ் அதிகம். கார்டுக்கு ஆயிரம் ரூபாயும் அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெயும் இலவசமாகக் கொடுக்கச் சொல்லி உத்தரவு. வீடு வீடாக டோக்கன் கொடுத்தோம், தரையில் சுண்ணாம்பில் வட்டம் போட்டோம், மாஸ்க்குக்கு மேல் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க நின்றோம். வரிசையில் நின்ற முகங்களில் சில அடுத்த மாதம் வரவில்லை. எனக்கு அப்போது ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. நேரமே இல்லை. ஸ்டாக் சரியாக இருக்கிறதா, பணம் எண்ணிக்கை சரியாக இருக்கிறதா, வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுப் பிள்ளைகளைத் தொடலாமா, இதுதான் தலை முழுக்க. நடுவில் இருக்கிறவளுக்கு அழ முடியாது போலிருக்கிறது. அந்த வருஷத்துக்காக நான் அழ வேண்டியது எங்கேயோ பாக்கி நின்று, 1877 கணக்கில் போய் வரவாகிவிட்டதோ என்றும் ஒரு சந்தேகம் இருக்கிறது. அப்படியிருந்தால் அது தாது வருஷத்து ஜனங்களுக்குச் செய்கிற மோசடி இல்லையா என்று மகளிடம் கேட்டேன். "அம்மா, நீ ரொம்ப யோசிக்கிற" என்றாள்.

என் தம்பி இதைவிட நேராகக் கேட்டான். "அக்கா, செத்தவங்க உனக்கு இன்னா உறவு? நம்ம சனமான்னு கூடத் தெரியாது." உண்மைதான். எங்கள் குடும்பம் எந்த ஊரிலிருந்து எப்போது இங்கே வந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எங்கள் ஆயாவிடம் கேட்டால், "எல்லாம் கஞ்சித்தொட்டியில பொறந்தவங்கதான்" என்று சிரிக்கும். ஸ்டான்லி ஆஸ்பத்திரியைத்தான் அப்படிச் சொல்லும். 1782ல், ஹைதர் அலி சண்டையோடு வந்த பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்த ஆஸ்பத்திரி அது. என் அம்மா அங்கே பிறந்தாள், நானும் அங்கேதான். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு உறவு கொண்டாட நான் தயாரில்லை. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற 8 கிலோமீட்டர் பக்கிங்காம் கால்வாயை 1877-78ல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டினார்களே, இப்போது அதற்கு மேலே பறக்கும் ரயில் ஓடுகிறதே, அங்கே மண் சுமந்தவர்களில் என் முப்பாட்டி இருந்தாளா என்று தேட வேண்டிய அவசியமும் எனக்கு இல்லை. இருந்தாலும் இல்லாவிட்டாலும் 43 கிராம் 43 கிராம்தான்.

கடைக்கு வருகிற ரிடையர்டு வாத்தியார் ஒருவரிடம் இதைச் சொல்லப் போய் வேறு வம்பாகிவிட்டது. அவர் பில் வரும் வரைக்கும் மனக்கணக்குப் போட்டார். "இப்ப ஆளுக்கு மாசம் அஞ்சு கிலோ தர்றீங்க. முப்பதால வகுத்தா நாளைக்கு 167 கிராம்கூட வரல. வெள்ளைக்காரன் 450 கொடுத்தான்னு அழுவுறீங்களே!" பின்னால் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. கணக்கு சரி. ஆனால் சார், இதை வாங்க நீங்கள் கல் உடைக்கவில்லை, இது மட்டும்தான் உங்கள் சாப்பாடும் இல்லை, கடைத்தெருவில் அரிசி கிடைக்கிறது, பென்ஷன் வருகிறது என்றேன். "எனக்கு வருது. இந்தம்மாவுக்கு?" என்று பின்னால் நின்ற ஒரு அம்மாவைக் காட்டினார்.  கட்டட வேலைக்குப் போகிறவர். அந்த அம்மா, "என்னை எதுக்கு சார் இழுக்கிறீங்க, பருப்பு இருக்கான்னு கேளுங்க" என்றார். இருந்தது. போட்டுக் கொடுத்தேன்.

மகளின் நோட்ஸில் டெம்பிள் பேர் இருக்கிறது, லிட்டன் பேர் இருக்கிறது. கார்னிஷ் பேர் இல்லை. ஓரத்தில் எழுதி வை, 570ஐயும் 43ஐயும் சேர்த்து எழுது என்று நச்சரித்துப் பார்த்தேன். பரீட்சையில் வராதும்மா என்கிறாள். போன வருஷத்து வினாத்தாள், அதற்கு முந்தின வருஷத்து வினாத்தாள் எல்லாம் பார்த்துவிட்டாளாம், எதிலும் வரவில்லையாம். இப்போது வட்டிக் கணக்குக்குப் போய்விட்டாள். அதையும் வாய்விட்டுத்தான் போடுகிறாள்.